எல்லோருக்கும் சரி சொன்னவர்

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அச்சுக்கோர்ப்பவர், பேப்பர் ஏஜெண்டு, உப்பளத்தில் கால் வெடித்து மருந்துக்கு வந்து நிற்கிற பெண், யாராக இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, எதிரே நிற்பவர் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் கேட்பார். கேட்டு முடித்ததும் "சரி" என்பார். அந்தச் சரியை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். கோயிலில் பூக்கட்டிப் பார்த்து நல்ல பூ வந்தவர்களின் முகம் அது.

ஊரில் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். பெரிய முதலாளி அவருடைய அப்பா. ஊருக்குத் தெற்கே உப்பளங்கள், கொழும்புக்கும் கொச்சிக்கும் சரக்கு கொண்டுபோகிற தோணிகள், துறைமுகத்தில் ஏற்றி இறக்குகிற கம்பெனி, ஒரு சினிமாக் கொட்டகை, இவ்வளவோடு ஒரு மாலைப் பத்திரிகையும் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. நாட்டுக்குச் சேவை செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. முனிசிபல் தேர்தலில் எதிராளி நோட்டீஸ் அடித்து ஏசிவிட்டான் என்று, பதில் நோட்டீஸ் அடிக்கப் பெரிய முதலாளி ஒரு அச்சு இயந்திரம் வாங்கினார். தேர்தல் முடிந்து இயந்திரம் சும்மா கிடந்தது. அதற்காகப் பத்திரிகை.

மூத்த மகனுக்கு உப்பும் தோணியும் போயின. இளையவர் சென்னையில் ஒரு பெரிய பத்திரிகையில் சில காலம் பழகிவிட்டு வந்திருந்தார். "இவனுக்கு வியாபாரம் வராது. நாலு பேர்ட்ட சிரிச்சுப் பேச வரும். பேப்பரப் பாக்கட்டும்" என்று அப்பா பொறுப்பைப் பிரித்ததாகச் சொல்வார்கள். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரே முற்றத்தின் இந்தப் பக்கம் பத்திரிகை, அந்தப் பக்கம் மூத்தவரின் தோணி ஆபீஸ். நடுவில் ஒரு வேப்பமரம். மூத்தவர் அங்கே போடுகிற சத்தம் மரத்தைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். யாரையாவது ஏசிக்கொண்டே இருப்பார். ஏசி முடித்ததும் ஒரு தும்மல் போடுவார். தும்மல் கேட்டால் புயல் ஓய்ந்தது என்று அர்த்தம்.

நான் நாசரேத்துக்காரி. பி.ஏ. முடித்துவிட்டு அந்த ஊர் மில்லர்புரத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். பத்திரிகையில் புரூப் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் வேலாயுதம் என்னைப் பார்த்ததுமே, "பொம்பளைப் பிள்ளைய இங்க வைக்கிறதில்லம்மா" என்றார். சின்ன முதலாளி உள்ளேயிருந்து வந்தார். எங்கள் அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று தெரிந்ததும், அவருடைய இலக்கண வகுப்பைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். "சரி, நாளைக்கே வாங்க எஸ்தரம்மா" என்றார். அந்த வயதில் என் பெயரோடு அம்மா போட்டுக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை என்பது தெரிந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சே, எனக்குத் தோணவே இல்ல பாத்தியளா. மன்னிச்சுக்கிடுங்க. இந்த வாரமே கட்டச் சொல்லுதேன்" என்றார். ஒரு முதலாளி என்னிடம் மன்னிப்புக் கேட்டதை அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். அடுத்த வாரம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். "அதெல்லாம் இப்ப ஆகாதும்மா. எடம் இல்ல. பக்கத்துல கன்னியாஸ்திரி மடம் இருக்குல்லா" என்றார். நான் அந்த மேனேஜரைத்தான் மனதுக்குள் சபித்தேன். அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க, வெயிலில் மடத்துக்குப் போய்ப் போய் வந்தேன். சின்ன முதலாளி வழியில் பார்த்தால் காரை நிறுத்தி, "அப்பா சுகமா?" என்று விசாரிப்பார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பத்திரிகையை அவர் உண்மையிலேயே நேசித்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோர்ப்பறையில் நிற்பார். ஈய எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்க்கக் கற்றுக்கொண்டார். எந்தக் கப்பல் வந்தது, எந்தக் காற்று எழும்புகிறது, மீன் என்ன விலை போனது என்பதெல்லாம் அவர் வந்த பிறகுதான் எங்கள் பேப்பரில் வர ஆரம்பித்தது. நாலு மணிக்குப் பேப்பர் வெளியே வந்தால், கரையில் வலை காயப்போடுகிற இடத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கடற்கரைச் செய்திகளுக்கென்றே சூசையை நிருபராகச் சேர்த்தவரும் அவர்தான். சூசை மீனவக் குடும்பத்துப் பையன். சவேரியார் பள்ளியில் படித்தவன். யாருக்கும் பயப்படாமல் எழுதுவான். "எழுதுங்க சூசை. நான் இருக்கேன்" என்று அவன் தோளில் கை போட்டுச் சொல்வார். சூசை அதை நம்பினான். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

அவர் ஒப்புக்கொண்டது பெரும்பாலும் நடக்காது என்பதை ஊர் கவனிக்கவே இல்லை. சரி என்பது அவர் வாயிலிருந்து வந்தது. ஆகாது என்பது வேலாயுதத்தின் வாயிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள் இருந்ததால், யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. "சின்னவரு தங்கம். அந்த மேனேஜர் பயதான் கெடுக்கான்" என்பார்கள்.

தண்டல் கஸ்பார் ஆபீசுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தோணியை நடத்திப் போகிற தலைவரைத்தான் எங்கள் பக்கம் தண்டல் என்பது. கஸ்பார் இளவயதில் சங்கு குளித்தவர். ஆழத்தில் காது அடிபட்டுப் போய்ச் செவி சரியாகக் கேட்காது. அதனால் ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வார். அன்றைக்கு அவர் சொன்னது மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஐயா, மூத்தவிய தோணிக்கு அடிப்பலகை நைஞ்சு போச்சு. துறையில கட்டிக் கெடக்கும்போதே தண்ணி ஊறுது. நாங்க மாத்தி மாத்தி இறைச்சுக்கிட்டுக் கெடக்கோம். சீசன் தொடங்கப்போவுது. மணல்ல ஏத்தி நாலு பலகை மாத்துனாப் போதும். மூத்தவியட்ட பேச எனக்கு வாய் வரமாட்டக்கு. ஏசுனா பதில் சொல்லிருவேன், பொழப்பு போயிரும். நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாவ."

சின்ன முதலாளி வழக்கம்போல எழுந்து நின்று கேட்டார். தலை சாய்ந்திருந்தது. "சரி தண்டல். அண்ணன்ட்ட நான் பேசுதேன். நீங்க நிம்மதியாப் போங்க" என்று அவர் காதுக்கு எட்டும்படி குனிந்து சொன்னார். கஸ்பார் கையெடுத்துக் கும்பிட்டார்.

சில நாள் கழித்து, முற்றத்தில் கஸ்பார் நின்றிருந்தார். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றியாகிவிட்டது, புறப்படச் சொல்லித் தோணி ஆபீசிலிருந்து உத்தரவு. சின்ன முதலாளி காரை விட்டு இறங்கி வந்தார். நான் மடத்துக்குப் போகப் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, மூத்தவியட்ட பேசியாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார் கஸ்பார்.

"ஆச்சு, ஆச்சு."

"பெறகென்ன. பலகையப் பாத்துட்டுத்தான போவச் சொல்லுதாவ. நான்தான் வீணாப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

சின்ன முதலாளி சிரித்தார். கஸ்பாரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்தத் தோணி கொழும்பு போய்ச் சேரவில்லை. மன்னார்ப் பக்கம் காற்று எழும்பியதும் பலகை பிளந்திருக்கிறது. மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு மிதந்த ஒருவனை மட்டும் வேறு தோணிக்காரர்கள் எடுத்து வந்தார்கள். கஸ்பாரும் மற்றவர்களும் கிடைக்கவில்லை. தப்பி வந்தவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சூசை நேரே ஆபீசுக்கு வந்தான். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான்.

"அண்ணாச்சி, தண்டல் சொன்னத மூத்தவர்ட்ட சொன்னியளா?"

சின்ன முதலாளியின் கண் நிறைந்தது. "சொன்னேன் சூசை. எங்க அண்ணனத்தான் உமக்குத் தெரியுமே" என்றார்.

சூசை எழுதினான். கஸ்பார் வந்து கெஞ்சியதையும், தோணி பழுதென்று தெரிந்தே அனுப்பியதையும் சேர்த்து எழுதினான். அதைச் சின்ன முதலாளி எங்கள் முன்னாலேயே வாசித்தார். வாசிக்கும்போது அழுதார். நடிப்பு என்று சொல்ல மாட்டேன். கைக்குட்டை நனைந்துபோனது. "ஒரு எழுத்து மாத்தக் கூடாது. முதல் பக்கம் போடுங்க" என்றார். கோர்த்தார்கள். நான் புரூப் பார்த்துக் கொடுத்தேன். இயந்திரம் ஓடப் போகிற நேரத்தில் மேனேஜர் இறங்கி வந்தார்.

"அந்தச் செய்திய எடுத்துருங்க. மேல உத்தரவு" என்றார்.

மேல என்றால் மூத்தவர் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கடல் கொந்தளிப்பில் தோணி மூழ்கியது என்று சின்னதாக ஒரு செய்தி போனது. முதல் பக்கத்தில், காலியான இடத்தில், சின்ன முதலாளி கையெழுத்திட்ட அஞ்சலிக் கட்டுரை. கடலோடு பிறந்து கடலோடு கலந்த மாந்தரைப் பற்றி அவ்வளவு உருக்கமாக எழுதியிருந்தார். அதில் ஒரே ஒரு சந்திப்பிழை இருந்தது. நான் திருத்தினேன். கரையில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மூத்தவர் காரில் போனால் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒருநாள் அவர் கார் கண்ணாடியில் கல் விழுந்தது.

கஸ்பாரின் மனைவி பிரகாசி ஆபீசுக்கு வந்தாள். சின்ன முதலாளி அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றார். இரண்டு பேரும் அழுதார்கள். "உங்க பையன் படிச்சு முடிக்கட்டும். நம்ம ஆபீஸ்லயே வேலை. நான் இருக்கேன்" என்றார். "நீங்க நல்லா இருக்கணும்யா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். பையன் படித்து முடித்துவிட்டு வந்தான். மேனேஜர் இடமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

எடுத்த செய்தியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சூசையையும் மேனேஜர்தான் போகச் சொன்னார். ஆனால் அவனுக்குப் பிரிவு உபசாரம் வைத்தவர் சின்ன முதலாளி. லட்டும் காப்பியும் வந்தன. சூசைக்கு அவரே மாலை போட்டு, இந்தப் பத்திரிகைக்கு ஒரு கை போனதுபோல இருக்கிறது என்று பேசினார். சூசை மாலையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டுவிட்டு, காப்பியைத் தொடாமல் போனான். "பாவம், மனசு வருத்தம்" என்றார் சின்ன முதலாளி.

நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைக்காரர்களெல்லாம் குமைந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் அவர் முகத்தில் ஒரு தெளிச்சியைப் பார்த்தேன். என்ன செய்தி போடலாம், எதைப் போடக் கூடாது என்று சொல்ல ஒரு அதிகாரி இருந்தார். அவருக்கு அதுவரை இருந்த ஒரு மேனேஜர் போதாமல், சர்க்காரே இன்னொரு மேனேஜரைக் கொடுத்ததுபோல ஆயிற்று. உப்பளத்துக் கூலிக்காரர்கள் குடிதண்ணீர் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தால், "போடணும்னுதான் எனக்கு ஆசை. அவங்க விடமாட்டாங்களே" என்று கையை விரிப்பார். அந்த அதிகாரி அதைப் பார்த்ததே இல்லை என்பது புரூப் பார்க்கிற எனக்குத் தெரியும். நெருக்கடி நீங்கிய பிறகு, சென்னையில் ஒரு கூட்டத்தில், பேனாவுக்கு விலங்கு பூட்டிய இருண்ட காலம் பற்றி அவர் பேசினார். நல்ல கைத்தட்டலாம்.

பெரிய முதலாளி இறந்தார். பாகம் பிரிந்தது. பத்திரிகை இருந்த கட்டடம் மூத்தவர் பங்குக்குப் போகிறது, அதைச் சரக்கு அடைக்கிற கிட்டங்கி ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், நாங்கள் எல்லோரும் சின்ன முதலாளியைப் போய்ப் பார்த்தோம். எழுந்து நின்று கேட்டார். "இந்தப் பேப்பர மூட விடுவேனா? அண்ணன்ட்ட நான் பேசுதேன்" என்றார். கஸ்பாரிடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார் என்பது எனக்கு நினைவு வந்தது. மற்றவர்கள் சந்தோஷமாக இறங்கினார்கள். பிறகு ஒருநாள் காலையில் வேலைக்குப் போனால் கதவில் பூட்டு. வேலாயுதம் கையெழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. சின்ன முதலாளி குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டிருந்தார். அங்கே தம் பங்கில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கப் போகிறாராம்.

என் அகராதியும் கண்ணாடியும் உள்ளே இருந்தன. எடுக்கப் போன அன்று, கட்டடத்தைப் பார்வையிட மூத்தவர் வந்திருந்தார். வேலாயுதம் சாவியோடு பின்னால் நின்றார். அந்த மனிதரிடம் அதுவரை நான் பேசியதே இல்லை. இனி அங்கே நான் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற தைரியமோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

"தம்பி பேச்சத்தான் நீங்க எப்பவும் கேக்க மாட்டியளே. அன்னைக்குக் கஸ்பார் சொன்னதக் கேட்டிருந்தா அத்தன பேரும் உயிரோட இருந்திருப்பாங்க."

மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொன்னது? என்ன சொன்னான்?"

"தோணி அடிப்பலகை நைஞ்சு போச்சு, மணல்ல ஏத்தணும்னு சொன்னத. சின்னவர் உங்கட்ட சொன்னாரே."

"எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலயே."

அவர் ஏசவில்லை. அந்தக் குரலில் சத்தமே இல்லை. "ஏம்மா, தோணி என்னுது. சரக்குக்கு நான் பொறுப்பு. ஓட்டைன்னு தெரிஞ்சா நான் கடலுக்கு அனுப்புவனா? நாலு ஏச்சு ஏசியிருப்பேன். அன்னைக்கே மணல்ல ஏத்தியிருப்பேன்" என்றார். பிறகு வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார். "உமக்குத் தெரியுமாவே?"

வேலாயுதம் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மூத்தவர் அந்தக் கோர்ப்பறை வாசலைப் பிடித்துக்கொண்டார். "என் கார்ல கல்லெறிஞ்சானுவ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய்விட்டார்.

"சூசை எழுதினத எடுக்கச் சொன்னது?" என்று வேலாயுதத்திடம் கேட்டேன்.

"மூத்தவரு பேப்பர் வாசிச்சு நான் பாத்ததில்லம்மா" என்றார் அவர். "இந்த வீட்டுல ஆகாதுன்னு சொல்லுததுக்குத்தான் எனக்குச் சம்பளம். எல்லாம் சின்னவர் சொல்லி அனுப்புனதுதான். ஊர்ல என் பிள்ளைக்குப் பொண்ணு தரமாட்டக்கானுவ." கதவைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். மூத்தவர் மறுத்திருந்தால்கூட ஒரு கணக்கு இருக்கும். பயப்பட வேண்டிய ஒரு முகத்துக்குச் சின்னவர் பயந்தார் என்று சொல்லலாம். ஆனால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரு வேப்பமரத்தைத் தாண்டிப் போய், நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு, ஒரு தும்மலுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு ஏச்சை அவரால் தாங்க முடியவில்லை.

நாசரேத்துக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் பிரகாசியைப் பார்க்கப் போனேன். கரையோரம் ஓலைப் பாயில் கருவாடு காயப்போட்டு, காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். பையன் துறைமுகத்தில் கூலிக்குப் போயிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"சின்னவிய பட்டணம் போயிட்டாவளாமே. நல்ல சீலாக் கருவாடா பாத்துக் கட்டி வச்சிருக்கேன். போற ஆள் கெடச்சாக் குடுத்து விடணும். எங்களுக்காக அழுதது அவிய ஒருத்தவியதான்" என்றாள்.

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முற்றத்தில் கஸ்பார் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும், மூத்தவர் சொன்னதையும், செய்தியை எடுக்கச் சொன்னது யார் என்பதையும்.  காக்கை ஒன்று பாயில் வந்து உட்கார்ந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"அப்ப அவரு அழுதது?" என்றாள் கடைசியில்.

"அது நெசம்தான் பிரகாசி."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "அண்ணன்ட்ட போயி ஒரு வார்த்த சொல்லத் தெரியல."

எழுந்து குடிசைக்குள் போனாள். பனையோலையில் பொதிந்து கட்டிய பொட்டலத்தோடு வந்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பொறுக்கிக் கட்டியிருந்த நல்ல துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விற்கப் போகிற மற்றக் கருவாட்டோடு பாயில் பரப்பி வைத்தாள். ஓலையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காக்கையை விரட்டக் கம்பை எடுத்தாள்.